செம்பனை ஃபிளாவனாய்டுகள்

செம்பனை மரத்தின் ஓலையிலும் பழத்தோலிலும் காணப்படும் தாவரச் சேர்மங்கள் இவை. இரண்டு பென்சீன் வளையங்களை மூன்று கரி அணுக்கள் இணைப்பதுதான் ஃபிளாவனாய்டின் அடிப்படை அமைப்பு. இந்த வகையில் 6,000க்கும் மேற்பட்ட சேர்மங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. புற ஊதாக் கதிர், பூச்சி, பூஞ்சை ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவே தாவரம் இவற்றை உருவாக்குகிறது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலி வட்டாரத்துக்குப் போயின. அங்கிருந்து மலாயாவுக்கு விதை கொண்டுவந்தவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டத்துரை. பின்னாளில், 1930இல், நாவலுக்காகக் கொன்கூர் பரிசு பெற்றவரும் இவரே. ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் முதலில் அழகுக்காக நடப்பட்ட மரம், 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிரானது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அந்த ஊர் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை பரவியபோது, பால் மரம் சீவிய தமிழ்க் குடும்பங்கள் பல குலை வெட்டுக்கு மாறின.

எண்ணெய்க்காக மட்டுமே மதிக்கப்பட்ட மரத்தில் மருந்து தேடும் எண்ணம் வெகு பின்னால் வந்தது. அதற்கு வித்திட்ட ஆய்வு ஹங்கேரியில் நடந்தது. 1936இல் ஆல்பர்ட் சென்ட்-ஜ்யோர்ஜியும் இஸ்த்வான் ருஸ்ன்யாக்கும் மிளகாயிலும் எலுமிச்சையிலும் எடுத்த ஃபிளாவனாய்டுகள், நுண் இரத்தக் குழாய்க் கசிவைக் குறைப்பதாகக் கண்டு ‘வைட்டமின் பி’ என்று பெயரிட்டனர். ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவதான ‘பி’ அது. இவை இல்லாவிட்டால் நோய் வரும் என்று நிறுவ முடியாததால் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. 1993இல் நெதர்லாந்தின் சுட்ஃபன் நகர முதியவர்களிடம் நடந்த ஆய்வு மறுபடியும் கவனத்தைத் திருப்பியது. தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃபிளாவனாய்டு அதிகம் உட்கொண்டவர்களிடையே இதயநோய் மரணம் குறைவாக இருந்தது.

செம்பனையில் இந்தச் சேர்மங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். காய்க்கும் குலை கருநீலமாக மின்னுகிறதே, அது ஆந்தோசயனின் என்னும் ஃபிளாவனாய்டின் நிறம். பழுக்கும்போது கருமை மெல்லச் செம்மைக்கு மாறும். ஆனால் உயர்ந்த மரத்தின் மட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குலையின் நிறத்தைக் கீழிருந்து கணிப்பது கடினம். அதனால் குலை வெட்டுபவர், நீண்ட கம்பத்தில் கட்டிய அரிவாளை உயர்த்துமுன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்துப் பதம் அறிகிறார். காய் பச்சையாக இருந்து பழுத்ததும் ஆரஞ்சு நிறமாகும் ‘விரெசன்ஸ்’ என்ற வகையும் உண்டு. ஆந்தோசயனின் உற்பத்தியை ஆளும் மரபணுவில் ஏற்பட்ட ஐந்து தனித்தனி மாற்றங்களே இதற்குக் காரணம் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர்.

செம்பனை எண்ணெயின் செம்மைக்கும் ஃபிளாவனாய்டுக்கும் தொடர்பில்லை, அது கரோட்டினின் நிறம்.

மருத்துவ ஆய்வு பெரிதும் ஓலையைச் சுற்றியே நடந்தது. வெட்டிய மட்டைகளை வரிசைக்கு இடையே அடுக்கி மக்கவிடுவது தோட்ட வழக்கம். அந்த ஓலையில் கேட்டசின்களும், லுட்டியோலின், அபிஜெனின் ஆகியவற்றின் சர்க்கரைச் சேர்மங்களும் உள்ளன. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்து இரத்த அழுத்தம் ஏற்றப்பட்ட எலிகளுக்குக் கேட்டசின் நிறைந்த ஓலைச் சாறு கொடுத்தபோது அழுத்தம் ஏறுவது மட்டுப்பட்டதாக 2011இல் மலேசிய ஆய்வு ஒன்று காட்டியது. நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாயைத் தளர்த்தும் வாயு. ஓலைச் சாற்றில் செய்த களிம்பு எலிகளின் புண்ணை ஆற்ற உதவியதாகவும் முடிவுகள் உள்ளன.

செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீரிலும் மருத்துவப் பொருள் உண்டு. ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட வாரிய விஞ்ஞானிகள் அந்த நீரிலிருந்து பிரித்த ஃபீனாலிக் சேர்மங்கள் மனிதர்களிடம் பாதுகாப்புச் சோதனை வரை சென்றன. ஆனால் அவற்றில் முதன்மையானது கஃபியோயில்ஷிகிமிக் அமிலம். அது ஃபீனாலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே தவிர, ஃபிளாவனாய்டு அல்ல.

தோட்டத்து மக்களின் அன்றாட ஃபிளாவனாய்டு வேறு இடத்திலிருந்து வருகிறது. லயத்து வீட்டோர முருங்கைக் கீரையில் குவெர்செட்டினும் கெம்ஃபெராலும் நிறைய. காலைத் தேநீரிலும் இந்த இனச் சேர்மங்கள் உண்டு. ஆனால் தேநீரின் பாலிஃபீனால்கள் கீரை, பருப்பு உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு தேநீர் அருந்தாமல் சற்று நேரம் விட்டு அருந்துவது நல்லது.

எலியிடம் கிடைத்த பலன் மனிதருக்கும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆய்வகச் சாறும் வீட்டில் காய்ச்சும் கஷாயமும் ஒன்றல்ல. தோட்டத்து ஓலையில் பூச்சிமருந்து எச்சமும் இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஓலைக் கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.