நுழைவிசைவு: ஒரு சொல்லும் மூன்று பொருளும்

'விசா' என்பது 'பார்க்கப்பட்டது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததாகும். ஆவணத்தை அலுவலர் பார்வையிட்டார் என்பதே அதன் தொடக்கப் பொருள். தமிழில் அதனை 'நுழைவிசைவு' என ஆக்கிக்கொண்டோம். ஆயின், மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதுமிடத்து இவ்வொரு சொல் போதுமானதன்று.

1933ஆம் ஆண்டின் அயலார் சட்டம் பிரிட்டிஷ் குடிகளைக் கட்டுப்படுத்தவில்லை. ஆதலின், சென்னை மாகாணத்திலிருந்து வந்த தொழிலாளர் அச்சட்டத்தின்படி அயலார் அல்லர். 1952இல் இயற்றப்பெற்று 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமே அவர்கள் வரவையும் வரையறுத்தது. மலேசியாவின் 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம், 6ஆம் பிரிவில், விலக்குப் பெறாத பிறநாட்டார் 'பெர்மிட்' அல்லது 'பாஸ்' உடையவராதல் வேண்டும் என்கிறது. முன்னது நிலையாகத் தங்குதற்குரியது. பின்னது குறித்த காலத்திற்குரியது. விசாவோ இவற்றிற்கு முற்பட்ட ஒப்புதல். அதனைப் பெற்றவரும் எல்லையில் திருப்பி அனுப்பப்படலாம்.

மூன்றையும் 'நுழைவிசைவு' என்றே எழுதின், நிலைவாசம் பெற்றவரும் சில வாரங்களில் திரும்ப வேண்டியவரும் ஒரு நிலையினராகிவிடுவர். தோட்டத்து முதியோரின் பழைய ஆவணங்களும் பிழைபடப் படிக்கப்படும். எனவே, விசாவிற்கு நுழைவிசைவு, பெர்மிட்டிற்கு நிலைநுழைவு உரிமம், பாஸிற்குத் தங்கல் அனுமதி எனப் பகுத்தாளுதலும், வகுப்பறையில் அவ்வாறே கற்பித்தலும் நன்று என்பது நம் கருத்து.