துயரில் தேறுதல்: வன்னிக் காடு கண்ட கிறிஸ்தவ நம்பிக்கை

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில், சில கிலோமீற்றர் தொலைவில் எதிர்ப்படும் கிராமம் முரசுமோட்டை. மோட்டை என்பது வன்னி வழக்கில் சிறிய நீர்நிலையைக் குறிக்கும் சொல். இரணைமடுக் குளத்தை நம்பி வாழும் கமக்காரரின் ஊர் அது. 2009 ஜனவரி முதலாம் திகதி பரந்தனும், மறுநாள் கிளிநொச்சியும் இராணுவத்தின் வசமாயின. அதன் பின்னர் இவ்வீதியில் எஞ்சியிருந்த திசை ஒன்றுதான்: கிழக்கு. முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், புதுக்குடியிருப்பு என ஊர் ஊராக நகர்ந்த மக்கள், இறுதியில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் நெருக்கப்பட்டனர்.

அவ்வாண்டின் தபசுகாலம் பெப்ரவரி 25ஆம் திகதி திருநீற்றுப் புதனுடன் ஆரம்பமானது. பெரிய வெள்ளி ஏப்ரல் 10. உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12. இடம்பெயர்வின் கொடிய வாரங்களும் தபசுகாலத்தின் வாரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வழமையான ஆண்டுகளில் தேவாலயத்தின் சுவரில் மாட்டியிருக்கும் பதினான்கு படங்களின் முன்னே நின்று சிலுவைப்பாதை செய்பவர்கள், அவ்வாண்டு தறப்பாளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வன்னி மக்களுள் பெரும்பான்மையோர் சைவர், கிறிஸ்தவர் சிறுபான்மையினர். எறிகணை சமயம் பார்த்து விழவில்லை. ஆயினும், துன்பத்தையே தன் சமயத்தின் நடுவில் நிறுத்தியிருக்கும் ஒரு மக்கட்கூட்டம், அத்துன்பம் தன் தலைமேல் விழுந்தபோது எதைப் பற்றிக்கொண்டது என்னும் கேள்வி வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கது. அதற்கு விடை காண்பதற்கு 2009இலிருந்து தொடங்கினால் போதாது. வன்னிக் காட்டுக்கும் கிறிஸ்தவத்துக்குமான உறவு நூற்றாண்டுகள் பழையது.

அடைக்கலம் தந்த காடு

1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவம் தழுவிய சுமார் 600 பேரைக் கொல்வித்தான். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். அவர்களுடைய ஆட்சியில் கத்தோலிக்கம் அதிகாரத்தின் சமயமாயிற்று, கோயில்கள் இடிக்கப்பட்டன. இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1658இல் ஒல்லாந்தர் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதிகாரத்தோடு வந்த சமயம், அதிகாரம் போனபின்பும் நிலைக்குமா என்பதே அன்றைய சோதனை.

மடுத் திருத்தலத்தின் வழிவழிச் செய்தி இவ்விடத்தில் தொடங்குகிறது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் தேவாலயத்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஒல்லாந்தரின் கை எட்டாத காட்டினுள் புகுந்தன என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தப்பிவந்த வேறு சில நூறு பேரும் அங்கே அவர்களோடு இணைந்தனர். மருதமடு என்னும் அந்த இடமே பின்னர் இலங்கை முழுவதும் அறிந்த யாத்திரைத் தலமாயிற்று. 1872இல் ஆயர் பொஞ்சீன் காலத்தில் இன்றைய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1924 ஜூலை 2ஆம் திகதி மாதாவுக்கு முடிசூட்டு விழா நடைபெற்றது. எனினும் அத்திருத்தலத்தின் முதற்கல் அகதிகள் வைத்த கல் என்பதை மறந்துவிடலாகாது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவானவர் இல்லாமல் தவித்த அம்மக்களிடம், 1687இல் கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகள் வந்துசேர்ந்தார். கூலியாளின் உடையில் வந்தவர், நோயுற்றவர், மொழி அறியாதவர். கழுத்தில் செபமாலையை அணிந்தபடி வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று பார்த்து, ஒளிந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவில் இரகசியமாகக் கூடிய யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்தனர். அடிகள் தப்பி, புத்தளம் வழியாகக் கண்டிக்குச் சென்று, அங்கும் ஒற்றன் எனச் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி ஊரார் ஓடியபோது, அவர் ஓடவில்லை. கைவிடப்பட்ட நோயாளருக்குச் சமயம் பாராது பணிவிடை செய்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே காலமானார்.

ஓடாமல் தங்கியிருந்த அச்செயலே அவர் ஈழத்தில் விட்டுச்சென்ற பெரிய பிரசங்கம் எனலாம்.

அழுவதற்கு ஓர் அனுமதி

யோசவ்வாஸின் வழியில் 1705இல் இலங்கைக்கு வந்தவர் சாங்கோபாங்க சுவாமிகள் என அழைக்கப்பட்ட யாக்கோமே கொன்சால்வெஸ். கொங்கணி பேசும் கோவாவில் பிறந்த இவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் நம் மக்களிடம் இன்றுவரை வாழும் நூல். இயேசுவின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துக் கூறும் அந்நூல், தபசுகாலத்தில் நம் தேவாலயங்களில் சோக இராகத்தில் இசைத்து வாசிக்கப்படும். கேட்பவர்கள் கண்ணீர் விடுவார்கள். வாசிப்பவரின் குரலும் தழுதழுக்கும். செத்த வீட்டில் ஒப்பாரி கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்தின் காதுக்கு அந்த இராகம் அந்நியமானதன்று.

ஆறுதல் என்றால் கண்ணீரைத் துடைப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். வியாகுலப் பிரசங்க மரபு அதற்கு மாறானது. அது முதலில் அழவிடுகிறது. தாயின் துயரைத் தாயின் துயராகவே சொல்கிறது; உடனே உயிர்ப்புக்குத் தாவி அதை மூடிவிடுவதில்லை. சிலுவையில் தொங்கியவரே தாம் கைவிடப்பட்டதாகக் கதறினார் என்று விவிலியம் எழுதிவைத்திருக்கிறது. ஆகவே கடவுளிடம் முறையிடுவது விசுவாசக் குறைவு அன்று. விசுவாசத்தின் ஒரு மொழி. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒடுக்கப்பட்டிருந்த ஒரு சபைக்காக எழுதப்பட்ட நூல் இந்த அனுமதியைக் கொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது.

உலகின் வேறு இடங்களிலும் இதே முடிவுக்கு வந்தவர்கள் உண்டு. ஹிட்லரின் சிறையில் இருந்து 1945 ஏப்ரல் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்ட ஜேர்மன் இறையியலாளர் டீட்ரிச் பொன்ஹோபர், தம் சிறைக் கடிதங்களில், வல்லமையால் அன்றித் தாமும் துன்புறுவதாலேயே கடவுள் மனிதருக்கு உதவுகிறார் என்ற கருத்தை முன்வைத்தார். மேலைநாட்டுப் பேரறிஞர் சிறையில் எழுதியதை, நம் ஊர்க் கிழவிகள் தபசுகால இரவுகளில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு அறிந்திருந்தார்கள்.

காடும் கைவிட்டபோது

வன்னி பலமுறை அடைக்கலம் தந்த நிலம். 1977 இனக்கலவரத்தின் பின் மலையகத் தமிழர் இங்கே வந்து குடியேறினர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கிய பெரும் இடப்பெயர்விலும் பல்லாயிரம் பேர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அவ்வாண்டு ஜூலை 9ஆம் திகதி, நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் சுற்றாடலிலும் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். தேவாலயம் காப்பாற்றும் என்ற எண்ணம் அன்றே நொறுங்கிவிட்டது. 1999 நவம்பர் 20ஆம் திகதி மடுத் தேவாலய வளவிலேயே எறிகணை விழுந்து சுமார் நாற்பது அகதிகள் பலியாகினர்.

2008 ஏப்ரல் 3ஆம் திகதி, மடுவைப் போர் நெருங்கியபோது, குருமார் மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுசென்றனர். மாந்தையிலிருந்து அகதியாக வந்த மாதா, ஏறக்குறைய 340 ஆண்டுகளின் பின் மீண்டும் அகதியானாள். அவ்வாண்டு ஓகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. மக்கள் திரும்பவில்லை, அவர்கள் மேலும் கிழக்கே தள்ளப்பட்டார்கள்.

2008 செப்ரெம்பரில், அரசாங்கத்தின் உத்தரவை அடுத்து, ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்களும், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மிகச் சில அமைப்புகள் தவிர்ந்த ஏனைய தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறினர். போகவேண்டாம் என்று கிளிநொச்சி அலுவலக வாசலில் நின்று மக்கள் மன்றாடினார்கள். வாகனங்கள் போய்விட்டன. அரச வைத்தியர்கள் சிலரும், குருமாரும் கன்னியர்களும் சிலர் மக்களோடு தங்கினார்கள்.

தங்கியதற்கு விலை இருந்தது. வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்த வவுனிக்குளம் பங்குத்தந்தை கருணாரட்ணம் அடிகள், 2008 ஏப்ரல் 20ஆம் திகதி ஞாயிறு திருப்பலியின் பின் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். உருத்திரபுரம் பங்குத்தந்தை சரத்ஜீவன் அடிகள் தம் மக்களோடு இடம் இடமாக நகர்ந்து, 2009 மே 18ஆம் திகதி வெளியேறும் வழியில் மாரடைப்பால் இறந்தார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகள், மே 10ஆம் திகதி முள்ளிவாய்க்கால் பகுதியிலிருந்து பாப்பரசருக்குக் கடிதம் எழுதி மக்களின் நிலையை எடுத்துரைத்தார். மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு இராணுவத்தினரின் பேருந்தில் ஏறியவரை அதன் பின் எவரும் காணவில்லை.

வலைஞர்மடம் தேவாலயத்தின் கதை இருபுறமும் கசப்பானது. அங்கு தஞ்சம் புகுந்திருந்த இளையோரை விடுதலைப் புலிகள் பலவந்தமாகப் பிடித்துச் சென்றார்கள். பின்னர் அதே வளவில் எறிகணைகள் வீழ்ந்தன. அங்கிருந்தவர்களுக்குக் கடவுள் காப்பார் என்ற சொல் பாதுகாப்பு உறுதிமொழியாக இருந்திருக்க முடியாது. அவர்களுக்கு எஞ்சியிருந்தது வேறொன்று: பதுங்குகுழியில் தம்மோடு குந்தியிருந்து செபமாலை சொல்ல ஒருவர் இருந்தார், இறந்தவரைப் புதைக்கும்போது பெயர் சொல்லி மன்றாட ஒருவர் இருந்தார்.

எண்ணிக்கையும் ஓர் ஆறுதல்

போர் முடிந்தபின் எளிதான ஆறுதல்கள் மலிந்தன. எல்லாம் கடவுளின் சித்தம் என்றனர் சிலர். மன்னித்து மறந்துவிடுங்கள் என்றனர் வேறு சிலர். பிள்ளையை இழந்த தாயிடம் இவ்வார்த்தைகள் கல்லாகவே விழும்.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை வேறு வழியைத் தேர்ந்தார். 2011 ஜனவரி 8ஆம் திகதி, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, நாற்பதாயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்றது. கணக்குகள் மாறுபடலாம். கேள்வி மாறவில்லை.

ஒரு பத்திரிகையாளனின் கண்ணுக்கு அது புள்ளிவிபரம். ஒரு கிறிஸ்தவனின் கண்ணுக்கு அது மேய்ப்பனின் வேலை. தொண்ணூற்றொன்பது ஆடுகள் வந்துவிட்டன என்று திருப்தியடையாமல், வராத ஒன்றை எண்ணுபவனே நல்ல மேய்ப்பன் என்பது நற்செய்தியின் உவமை. உங்கள் பிள்ளையை நாங்கள் கணக்கில் வைத்திருக்கிறோம் என்று ஒரு தாயிடம் சொல்வது, மறந்துவிடு என்பதைவிடப் பெரிய ஆறுதல். ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, பெரிய வியாழனன்று காலமானார். பதில் வரவில்லை.

2015 ஜனவரி 14ஆம் திகதி காலையில் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் யோசவ்வாஸ் அடிகளைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார். ஒளிந்து வாழ்ந்தவர்களைத் தேடிவந்த குருவும், ஒளிந்தவர்கள் தூக்கிவந்த மாதாவும் ஒரே நாளில் நினைக்கப்பட்டது பொருத்தமானது. நான்கு ஆண்டுகளின் பின், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஆறுதலின் தேவை முடிந்துவிடவில்லை.

இன்று முரசுமோட்டையில் மீண்டும் நெல் விளைகிறது. அதே மாவட்டத்தில், 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தின் கேள்வியும் விடையின்றி நிற்கிறது. அவர்களுள் விபூதி பூசியவர்களும் செபமாலை அணிந்தவர்களும் இருந்தார்கள். பிரான்சிஸ் யோசப் அடிகளைத் தேடுபவர்களின் கேள்வியும் அதுவே.

ஆபத்து வராது என்ற வாக்குறுதியாக நம்பிக்கை இம்மண்ணில் ஒருபோதும் இருந்ததில்லை. மாந்தையிலிருந்து காட்டுக்கு நடந்தவர்களுக்கும், ஏ-35 வீதியில் கிழக்கே நடந்தவர்களுக்கும் அப்படியொரு வாக்குறுதி கிடைக்கவில்லை. கூட நடப்பவர் உண்டு, அழுவதற்கு இடமுண்டு, விடுபட்டவரை எண்ணுபவர் உண்டு என்ற மூன்றுமே அவர்களுக்குக் கிடைத்த தேறுதல். இன்று வன்னித் தாய்மாருக்கு ஆறுதல் சொல்ல விரும்பும் எவரும், எந்தச் சமயத்தவராயினும், இம்மூன்றில் ஒன்றையேனும் செய்துவிட்டுப் பேசுவது நல்லது.