ஹம்பேர்க் அரங்கும் அவலத் தலைவனின் அதிகார வேட்கையும்

1767 ஏப்ரல் 22ஆம் நாள் ஹம்பேர்க் நகரில் ஜேர்மன் தேசிய அரங்கு திறக்கப்பட்டது. அரசவையின் ஆதரவிலன்றி, நகர வணிகர் சிலரின் கூட்டு முயற்சியால் அது தோன்றியது. பொருள் நெருக்கடியால் 1769இல் முடிவுற்றது. ஆயினும், அவ்வரங்கின் திறனாய்வாளராக அமர்த்தப்பட்ட லெசிங் 104 பகுதிகளாக எழுதிய 'ஹம்பேர்க் நாடகவியல்' நிலைபெற்றது. அவலத் தலைவனையும் கொடியவனையும் பிரிக்கும் எல்லை யாது என்னும் வினா அந்நூலில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

அவ்வாராய்ச்சிக்குக் களமாய் அமைந்தது வைசெ இயற்றிய 'மூன்றாம் ரிச்சார்ட்' நாடகம். அதன் தலைவன் அரியணைக்காகச் சிறுவரையும் கொல்லத் தயங்காதவன். அரிஸ்டோட்டில் கூறிய அச்சம், கொடுமையைக் கண்டு எழும் திகைப்பன்று. துன்புறுவோனிடத்தில் நம்மை வைத்துப் பார்க்கும்போது நமக்காக நாம் கொள்ளும் அச்சமே என லெசிங் விளக்கினார். நம்மோடு எவ்வகையிலும் ஒவ்வாத ரிச்சார்ட் அத்தகைய அச்சத்தையோ இரக்கத்தையோ எழுப்ப இயலாது என்பது அவர் முடிவு. எனினும், அவனது சூழ்ச்சித் திறன் பார்வையாளரை ஈர்ப்பதை அவர் மறுக்கவில்லை. ஈர்ப்பு வேறு, அவலச்சுவை வேறு என்பதே இதன் பொருள்.

1779இல் அதே நகரில் ஷ்ரோடர் 'மக்பெத்'தை மேடையேற்றினார். மக்பெத்தும் அரியணைக்காகக் கொலை புரிபவனே. ஆனால் கொலைக்கு முன் தயங்குகிறான். பின் உறக்கம் இழக்கிறான். ரிச்சார்டிடம் வேட்கை ஒன்றே இயங்க, மக்பெத்திடம் அதனோடு மனச்சான்றும் இயங்குகிறது. வேட்கையின் அளவன்று, அதை எதிர்க்கும் அகக்குரலே தலைவனின் பண்பை உருவாக்குகிறது.

இவ்வேறுபாடு இராவணனைப் பற்றிய தமிழ் விவாதத்திற்கும் பொருந்துவது. ஒருபுறம் அவனைக் கொடியவனாகவே கண்ட மரபு. மறுபுறம் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' (1946) போன்று அவனை மாசற்ற தலைவனாக்கிய எதிர்மரபு. இரண்டிலும் அவலத்திற்கு இடம் குறைவு. கம்பனின் இராவணனோ, பகையைத் தானே தேடிக்கொண்டதை உணர்ந்தவன். சீதையை விட்டுவிடுமாறு இந்திரசித்து வேண்டியபோதும், வெற்றியினும் புகழையே பற்றி நின்று போரைத் தொடர்பவன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தனின் நெறியாள்கையில் 1960களில் உருவான 'இராவணேசன்' வடமோடிக் கூத்து, அவனை அவலத் தலைவனாகவே மேடைக்குக் கொணர்ந்தது.

ஆகவே, இராவணனை அவலத் தலைவனாகக் கொள்வதற்கு அவன் குற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. அறிந்தும் மீளமுடியாத அவன் நிலையைப் பார்வையாளர் தம் நிலையாக உணர்தல் போதுமானது. லெசிங் ஹம்பேர்க்கில் வகுத்த அளவுகோல், தமிழ் அரங்க வரலாற்றை ஆராய்வோருக்கும் பயன்படுவது இவ்விடத்திலேயாகும்.