திலகவதியார் காட்டிய துயராற்றும் நெறி

உற்றாரை இழந்து உளம் நைந்தார்க்கு ஆறுதல் கூறப் புகுவார் பலரும், 'எல்லாம் வினைப்பயன்' என்னும் ஒரு சொல்லையே முதற்கண் எடுத்து மொழிகின்றனர். அடியேனும் மடத்துக் கல்வி முடித்த இளமையில், மகவை இழந்த ஓர் அன்னையார்பால் அவ்வாறே வினையியல்பை விரித்துரைத்தேன். அவ்வம்மையார், "மூன்று வயதுக் குழந்தை யாது பிழை செய்தது, ஐயா?" என்று வினவி முகம் மறைத்து அழுதார். வினைக்கொள்கை பொய்யன்று, ஆயினும் அதனை எடுத்தோதும் காலம் அஃதன்று என்பதை அன்று அறிந்தேன். அங்ஙனமாயின் செயத்தக்கது யாது எனின், 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள் வரும் திலகவதியார் வரலாறே தக்க விடையாம்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிற் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாராய்த் தோன்றியவர் அம்மையார். அவர்க்கு இளவலார் மருணீக்கியார். அம்மையார்க்குப் பன்னிரண்டாம் வயதில் மணம் பேசப்பெற்ற கலிப்பகையார், அரசன் ஏவலாற் போர்மேற் சென்றார். அவர் மீளுமுன்னரே தந்தையார் நோயுற்று மறைய, தாயாரும் உடன் நீங்கினார். பின்னர்க் கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்தது. அடுத்தடுத்து வந்த மூன்று இழப்புக்களைத் தாங்கலாற்றாது அம்மையார் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது இளவலார் அடிவீழ்ந்து, தம்மைத் தனியே விட்டுச் செல்வராயின் தாமே முன்னர் உயிர் துறப்பதாகக் கூறிப் புலம்பினார். அவர்பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார். ஈண்டு நூலறிவோ வாதமோ அவரைத் தடுக்கவில்லை. தம்மை வேண்டி நின்ற ஒரு சிறுவனது அழுகையே தடுத்தது என்க.

இழப்பு இருவர்க்கும் ஒன்றே. சென்ற வழிகள் வேறாயின. நிலையாமை உணர்ந்த மருணீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தார், சோலை வளர்த்தார், குளம் தொட்டார். ஆயினும் உள்ளம் அமைதியுறாது சமயங்களை ஆராயப் புகுந்து, இக்காலத்துத் திருப்பாதிரிப்புலியூராகிய பாடலிபுத்திரம் அடைந்து, சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றார். அம்மையாரோ கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானம் சேர்ந்து, திருவலகிட்டும், மெழுகியும், மலர் கொய்து மாலை தொடுத்தும் தொண்டாற்றினார். சித்தாந்தம் இதனைச் சரியை எனக் கூறும். வைகறையில் திருவலகிடுதல் வேண்டும் என்னும் கடமை, துயரால் எழ விரும்பாத உடலையும் எழுப்பும். அவ்வாறு நாடோறும் எழும் உடலின் வழியே உள்ளமும் மெல்ல எழும். இதுவே சரியையின் மருத்துவப் பயன்.

தருமசேனர் சூலை நோயால் வருந்தி, ஒருவரும் அறியாது இரவில் வந்து அக்கையார் திருவடியில் வீழ்ந்தார். தம்மை விட்டுப் பல்லாண்டு பிரிந்து சென்ற இளவலாரை அம்மையார் நெடிது கடிந்துரைத்தாரல்லர். அறியாது குழியில் வீழ்ந்து துன்புற்றதாகச் சுருங்கக் கூறி, எழுக என்றார். பின் திருவைந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில் தமது திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் உடன்கொண்டு, அவரையும் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தாம் துயராறிய வழியிலேயே பிறரையும் கைப்பற்றி நடத்தினார் என்பது இங்கு உய்த்துணரற்பாலது. சூலை நீங்கிய இளவலாரே திருநாவுக்கரசராய் உலகிற்குக் கிடைத்தார்.

ஆறுதல் பெற்றவர் பின் ஆற்றுபவராதலையும் அவ்வரலாறே காட்டும். திங்களூரில் அப்பூதியடிகள், அரவு தீண்டி இறந்த மகனை மறைத்து அமுது செய்விக்க முற்பட்டபோது, அம்மறைந்த துயரை அவர் கூறாமலே உணர்ந்தவர் நாவுக்கரசர். துயருற்று மீண்ட உள்ளமன்றோ பிறர் துயரை முகங்கண்டே அறியும்!

ஆதலின் அன்பர்காள், இழவு வீட்டிற் புகும்போது தத்துவங்களை வாயிலில் வைத்துச் செல்க. அருகிருந்து அவர் கூறுவன கேட்டல், திருநீறு அளித்தல், உணவுண்பித்தல், பிற்றைநாள் திருக்கோயிலுக்கு உடன் நடத்தல் ஆகிய இவையே முதற்கண் செயற்பாலன. மனநோய் முற்றினார்க்கு மருத்துவர் துணையும் வேண்டும். அது நம்பிக்கைக்கு மாறன்று. வினையியல்பை அவர் தாமே வினவுங்காலத்துக் கூறலாம். அன்று அவ்வன்னையார்முன் யான் அறியாதிருந்தது இதுவே.

சிவம்.