குயிதோ கந்தெல்லி விட்டுச்சென்ற இசைத்தட்டுகள்

ஜூபிலி மலரில் இத்தாலி நாட்டு இசைக்குழு நடத்துநர் ஒருவருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவர் புனிதர் பட்டம் பெற்றவரல்லர், குருவானவருமல்லர். ஆயினும் சிறு வயதிலேயே தம் ஊர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். தகப்பனார் இராணுவ பேண்டு வாத்தியக் குழுவின் தலைவர். ஆலயத்து இசையும் பேண்டு வாத்தியமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் பங்கிலும் பலர் இருப்பதால், இவரது கதை நமக்கு அத்தனை அந்நியமானதன்று.

குயிதோ கந்தெல்லி 1920 ஏப்ரல் 27-ஆம் நாள் வட இத்தாலியின் நொவாரா நகரில் பிறந்தார். மிலான் இசைக் கல்லூரியில் பயின்று, 1943-இல் சொந்த ஊரின் கொச்சியா அரங்கில் இசை நாடகம் நடத்தினார். அதற்குள் போர் குறுக்கிட்டது. ஜெர்மானியருக்குத் துணைபோக மறுத்ததால் உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். நோயுற்று இத்தாலிக்குத் திரும்பியவர் மருத்துவமனையிலிருந்து தப்பினார். போர் முடிந்தபோது வயது இருபத்தைந்து.

1948 மே மாதம் மிலானின் புகழ்பெற்ற லா ஸ்காலா அரங்கில் அவர் நடத்தியதை முதியவர் டோஸ்கனினி கேட்டார். உலகமே போற்றிய அந்த மேதை எவரையும் எளிதில் மெச்சாதவர். இந்த இளைஞனிடம் மட்டும் தம்மையே கண்டார் போலும். உடனே அமெரிக்காவுக்கு அழைத்தார். 1949 ஜனவரியில் நியூயார்க்கின் என்.பி.சி. வானொலி இசைக்குழுவின் முன் கந்தெல்லி நின்றார். அன்று தொடங்கி அவருக்குக் கிடைத்தவை எட்டாண்டுகளுக்கும் குறைவே.

இசை அமைத்தவர் ஏட்டில் வாழ்கிறார். நடத்துநரோ தாமாக ஓர் ஓசையும் எழுப்புவதில்லை. மற்றவர் எழுப்பும் ஓசையை ஒழுங்குபடுத்துகிறார். ஒலிப்பதிவு இல்லையென்றால் அவர் உழைப்பு அரங்கத்தோடு கரைந்துவிடும். கந்தெல்லி ஒத்திகைக்கே ஏடு பாராமல் வருபவர், முழுவதும் மனப்பாடம். எளிதில் திருப்தியடையாதவர். ஆகவே அவர் விட்டுச்சென்ற தட்டுகள் எண்ணிக்கையில் அதிகமல்ல. லண்டன் பில்ஹார்மோனியா குழுவோடு பிராம்ஸ், ஷூமன், ஷூபர்ட், மெண்டல்சன் ஆகியோரின் சிம்பொனிகள், என்.பி.சி. குழுவோடு ஹைடனின் 93-ஆம் சிம்பொனி, இப்படிச் சில. 1955-இல் பதிவான பிராம்ஸின் மூன்றாம் சிம்பொனியைத்தான் நாம் முதலில் பரிந்துரைப்போம். அதில் அவசரமுமில்லை, அலங்காரமுமில்லை. ஒவ்வொரு வாத்தியமும் மற்றதற்கு வழிவிட்டுப் பேசுகிறது. (பாடகர் குழுவினர் இதைக் கேட்டால் நமக்குச் சில ஞாயிறுகள் நிம்மதி!)

நம்மவர்க்கு மிக நெருக்கமான தட்டுகளும் உண்டு. புனித செபஸ்தியாரின் வேதசாட்சியத்தைப் பற்றிய நாடகத்துக்கு தெபுஸ்ஸி எழுதிய இசையின் பகுதிகளை 1954-இல் லண்டனில் பதிவு செய்தார். அந்த நாடகம் 1911-இல் பாரிஸ் மேடைக்கு வந்தபோது கத்தோலிக்கர் பார்க்கலாகாதென்று பேராயர் தடை விதித்தார். ஒரு நடனமாது புனிதராக நடித்ததே முக்கிய காரணம். நாடகம் மறைந்துவிட்டது, இசை நிற்கிறது. ஹிண்டமித்தின் 'ஓவியன் மத்தீஸ்' சிம்பொனி ஒரு பீடத்தின் ஓவியங்களை இசையாக்குவது: வானதூதர்களின் இன்னிசை, ஆண்டவரின் அடக்கம், வனத்து அந்தோணியார் பட்ட சோதனைகள். இதையும் அவர் பதிவு செய்தார். பாரிஸில் பங்கு ஆலயத்து ஆர்கன் வாசிப்பாளராகவே ஆயுளைக் கழித்த சேசார் பிராங்க் எழுதிய சிம்பொனியை 1954 ஏப்ரலில், டோஸ்கனினி ஓய்வு பெற்ற அதே மாதத்தில், பதிவு செய்தார்.

அவர் 'டோஸ்கனினியின் நிழல்' என்று பேசியவர்கள் உண்டு. இருவரிடமும் தெளிவும் வேகமும் உண்டு என்பது மெய். ஆனால் தெபுஸ்ஸியின் தட்டைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். குருவிடம் காணும் கண்டிப்பு அங்கே கனிந்து, ஒலி மூடுபனிபோல் படர்கிறது. அது கந்தெல்லியின் சொந்தச் சொத்து.

அரங்க நிகழ்ச்சிகள் சிலவற்றை வானொலி காப்பாற்றிக் கொடுத்தது. மொசார்ட்டின் இருநூறாவது பிறந்த நாளான 1956 ஜனவரி 27 அன்று மிலானில் நடத்திய 'கோசி ஃபான் தூத்தே' அவற்றுள் ஒன்று. 1954 டிசம்பரில் பாஸ்டனில் நடத்திய வெர்தியின் 'ரெக்வியம்' மற்றொன்று. நம் சிறுவயதில் இறந்தோர் பூசையில் லத்தீனில் கேட்ட அதே சொற்கள்தாம். நடுத்தீர்வை நாளின் பயங்கரத்தை இடியாய் முழக்கி, உடனே ஓர் ஆன்மாவின் மன்றாட்டாய் அதைத் தாழ்த்துவது எப்படி என்று அங்கே கேட்கலாம்.

1956 நவம்பர் 16 அன்று லா ஸ்காலாவின் இசை இயக்குநராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம் அது. எட்டு நாள் கழித்து, 24-ஆம் தேதி, நியூயார்க்கில் நிகழ்ச்சி நடத்தப் புறப்பட்டவரின் விமானம் பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து மேலெழும்பியவுடன் வீழ்ந்தது. வயது 36. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

89 வயது டோஸ்கனினியிடம் இச்செய்தியை எவரும் சொல்லவில்லை. 1957 ஜனவரி 16-இல் அவர் இறக்கும்வரை மறைத்தே வைத்தார்கள். அது சரியா? மரணச் செய்தியைச் சுமந்துகொண்டு வாசற்படியில் நின்றவர்கள் நாம். குடும்பத்தாரின் அன்பை நாம் குறைகூற மாட்டோம். எனினும், தாம் பிள்ளையைப்போல் நேசித்தவனுக்காக அழவும் செபிக்கவும் முதியவருக்கு உரிமை இருந்ததென்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்தக் கடைசி ஆண்டில் லண்டனில் பெத்தோவனின் இரு சிம்பொனிகளைப் பதிவு செய்ய முனைந்தார். ஏழாவது முழுமையாக முடிந்தது. ஐந்தாவதில் மூன்று பகுதிகளே முடிந்தன. உலகமறிந்த அந்த நான்கு தட்டல்களோடு தொடங்கும் முதல் பகுதியை, வெளியே எழுந்த இரைச்சலால் பதிவு செய்ய இயலவில்லை. பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். அந்தப் பதிவு பிற்காலத்தில் வெளிவந்தபோது அப்படியே வந்தது. தட்டைச் சுழலவிட்டால், இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குகிறது.