நிறுத்துவது தண்டனையா? குத்துச்சண்டையும் ஊக்கமருந்துச் சோதனையின் காலமும்

2010 ஒக்டோபரில் டெல்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் மஞ்சு வன்னியாராச்சி வென்ற தங்கம், 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் வென்றதற்குப் பின் குத்துச்சண்டையில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். அவருடைய மாதிரியில் நாண்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து கண்டறியப்பட்டதால் அது பறிக்கப்பட்டு, இறுதிச் சுற்றில் தோற்ற வேல்ஸ் வீரர் ஷான் மெக்கோல்ட்ரிக்குக்கு வழங்கப்பட்டது. ஏட்டளவில் கணக்குச் சரி. ஓட்டப்பந்தயமாயின் விவகாரம் அத்துடன் முடிந்திருக்கும். குத்துச்சண்டையில் பதக்கத்தைக் கைமாற்றலாம். தலையில் விழுந்த குத்தைக் கைமாற்ற வழியில்லை. ஆகவே இங்கே சோதனை முடிவு மோதலுக்கு முன்பே வரவேண்டும், பாதகமாக வந்தால் மோதல் நிற்கவும் வேண்டும். அந்த நிறுத்தத்தைத் தண்டனையென எண்ணுவதே குழப்பத்தின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2022 ஒக்டோபர் 8ஆம் திகதி லண்டனில் குத்துச்சண்டை வீரர்கள் கொனர் பென்னும் கிறிஸ் யூபாங்க் ஜூனியரும் மோதவிருந்தார்கள். இருவரின் தந்தையரும் 1990இலும் 1993இலும் மோதியவர்கள். அந்தப் பழம்பகையே வியாபாரத்தின் முதல். மோதலுக்குச் சில நாட்கள் இருக்கையில், ஆணுடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் கூட்டவல்ல க்ளோமிஃபீன் பென்னின் மாதிரியில் இருந்தது வெளியாயிற்று. பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபை மோதலைத் தடுத்தது. ஏற்பாட்டாளர்களோ பென் இடைநிறுத்தப்படவில்லை என்று வாதாடி, கடைசி வேளையில்தான் ஒத்திவைத்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படாமையையே மேடையேறும் தகுதியாக்கும் வாதம் இது. குற்றத்தை விசாரிக்க மாதங்கள் எடுக்கலாம். எதிராளியின் பாதுகாப்பை அன்றைக்கே தீர்மானித்தாக வேண்டும். பின்னர் பென்மீது விதிக்கப்பட்ட தற்காலிகத் தடை 2024இல் நீங்கியது, 2025 ஏப்ரலில் இருவரும் மோதினார்கள், யூபாங்க் வென்றார். காத்திருந்ததால் சந்தை அழிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

மாசுபட்ட உணவால் நிரபராதியும் சிக்கலாம் என்பது வலுவான மறுப்பு. 2018இல் குத்துச்சண்டை வீரர் கனேலோ அல்வாரெஸின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட க்ளென்பியூட்ரோல் காணப்பட்டபோது மெக்சிகோ மாட்டிறைச்சியே காரணமெனச் சொல்லப்பட்டது. மே மாதம் கொலோவ்கினுடன் நடக்கவிருந்த மோதல் செப்டம்பருக்குப் போனது. இறைச்சியா, வேண்டுமென்றே உட்கொண்டதா என்பது தண்டனையின் அளவுக்கு உரிய கேள்வி. சிற்றளவால் பயனில்லை என்பார்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கண்ட சிற்றளவு தற்செயலானதா, முன்பு எடுத்த பேரளவின் மிச்சமா என்பதை மோதலுக்குச் சில நாட்கள் முன் எவராலும் உறுதிசெய்ய முடியாது.

இதைவிடக் கடினமானது செலவு பற்றிய மறுப்பு. நான்கு மாதத் தாமதம் கனேலோவைப் பட்டினி போடாது. மட்டக்களப்பு வாவிக்கரையில் தன்னாமுனை போன்ற ஓர் ஊரிலிருந்து வரும் வீரன், இருமலுக்கு வாங்கிய குளிசையில் என்ன இருக்கிறதென்று யாரிடம் கேட்பான்? உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இலங்கையில் இல்லை; மாதிரி கடல்கடந்து போகவேண்டும். ஆயினும் இந்த அநீதிக்கு மேடையேற அனுமதிப்பது மருந்தாகாது. நுழைவுச்சீட்டு விற்பனை தொடங்குமுன்பே, முதல் முடிவைச் சரிபார்க்கும் இரண்டாம் மாதிரி ஆய்வுக்கும், குற்றமற்றவராகத் தெளியும் வீரரின் இழப்பீட்டுக்கும் ஏற்பாட்டாளர் ஒரு தொகையைக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் வைப்பிலிட வேண்டும். வைப்பிலிடாதவருக்கு அனுமதிப்பத்திரமே வழங்கக் கூடாது.