இத்சிங்கின் பயணநூலில் பல்குச்சி: வழிநடைத் துறவியரின் வாய்த்தூய்மை

முன்னுரை

இல்லத்தில் வாழ்வோர்க்குப் பல்துலக்குதல் காலைக்கடன்களுள் ஒன்று. கிணற்றடி நீரும் கொல்லை வேம்பும் அதற்குப் போதும். பகல் முழுதும் வழிநடந்து பிறர் மனையில் உண்போர்க்கு அஃது எவ்வாறு இயன்றது என்பது தனியே ஆராயத்தக்கது. இவ்வினாவிற்கு விரிவான விடை தரும் நூல்களுள் ஒன்று, ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி இத்சிங் எழுதிய பயணநூலாகும். அந்நூல் கூறும் பல்குச்சி வழக்கத்தைப் பௌத்த விநய விதிகளோடும் ஆசாரக்கோவையோடும் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் நோக்கமும்

கி.பி. 671இல் குவாங்சௌத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இத்சிங், ஸ்ரீவிஜயத்தில் தங்கியபின், கடாரம் என அறிஞர் கருதும் துறை வழியாக 673இல் தாமிரலிப்தியை அடைந்தார். நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்றார். பின்னர் ஸ்ரீவிஜயத்தில் இருந்தவாறே எழுதிய நூலை 692இல் தாயகத்திற்கு அனுப்பினார். நாற்பது இயல்கள் கொண்ட இந்நூலைத் தகாகுசு 1896இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். சீன மடங்களின் நடைமுறைகளை இந்திய மடங்களில் தாம் கண்ட விநய ஒழுக்கத்தைக் கொண்டு திருத்துவதே இத்சிங்கின் நோக்கம். ஆதலின் பிற பயணியர் கருதாது விடும் அன்றாடச் செயல்களையும் அவர் நுணுகிப் பதிவுசெய்துள்ளார்.

நண்பகல் உணவும் வாய்த்தூய்மையும்

துறவியர் நண்பகலுக்குப்பின் உண்ணலாகாது என்பது விநய விதி. உண்டபின் பல்லிடுக்கில் எஞ்சிய உணவுத்துகளை விழுங்கினும் அந்நோன்பு குறைபடும் என்பது இத்சிங் காட்டும் கருத்து. ஆகவே விருந்தளித்தவர் மனையிலேயே கைகழுவி, பல்குச்சியை மென்று, பல்லும் நாவும் தூய்மை செய்துகொள்ள வேண்டும். காலையில் பல்துலக்கி வாய்கழுவிய பின்னரே ஒருவர் பிறரை வணங்கவும் பிறர் வணக்கத்தை ஏற்கவும் தகுதி பெறுவார். இவ்வாறு வாய்த்தூய்மை உடல்நலத்தோடு மட்டுமன்றி நோன்பின் நிறைவோடும் சமூக உறவோடும் பிணைக்கப்பட்டிருந்தது.

பச்சைக்குச்சியும் உலர்குச்சியும்

இவ்விதியை வழியில் கடைப்பிடிப்பதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. உயிருள்ள செடிகொடிகளைச் சிதைத்தல் துறவியர்க்குக் குற்றம். ஆகவே வழியோர மரத்தில் ஒரு கிளையை ஒடிக்கவும் அவர்கட்கு உரிமையில்லை. இதற்கு இத்சிங் குறிப்பிடும் நடைமுறை தீர்வாகிறது: பச்சைக்குச்சியைப் பிறர் கையால் பெறவேண்டும், உலர்ந்ததைத் தாமே வைத்துக்கொள்ளலாம். பாலி விநயமோ, பிறர் கொடாத எதனையும் வாயிலிடலாகாது என்னும் விதியிலிருந்து நீரையும் பல்குச்சியையும் விலக்களித்துள்ளது. இரு மரபுகளும் வெவ்வேறு வழிகளில் ஒரே தேவையை எதிர்கொண்டுள்ளன.

குச்சியின் அளவும் வரையறுக்கப்பட்டிருந்தது. பாலி விநயம் நான்கு விரலுக்குக் குறையாமலும் எட்டு விரலுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்கிறது. மிகக் குறுகிய குச்சி ஒரு துறவியின் தொண்டையில் சிக்கியதால் கீழெல்லை விதிக்கப்பட்டதாக அந்நூல் காரணமும் கூறுகிறது. இத்சிங் தரும் அளவு எட்டு முதல் பன்னிரண்டு விரல் வரை. பருமன் சிறுவிரல் அளவு. சுசுருத சம்ஹிதையும் பன்னிரண்டு விரல் நீளமும் சிறுவிரற் பருமனும் கூறுவதால், இத்சிங் கண்ட வழக்கம் மருத்துவ மரபோடு நெருங்கியது எனலாம்.

பெயர்ச்சிக்கல்

சீன மொழிபெயர்ப்பாளர் பலர் பல்குச்சியை ‘வில்லோ மரக்கிளை’ எனக் குறித்தனர். இந்தியாவில் அம்மரம் அரிது என்றும், நாளந்தாவில் புத்தரின் பல்குச்சியிலிருந்து முளைத்ததாகப் போற்றப்பட்ட மரத்தைத் தாம் நேரில் கண்டதாகவும், அது வில்லோ அன்று என்றும் இத்சிங் மறுக்கிறார். எனினும் அவர் மறுத்த பெயரே நிலைத்தது. இன்றும் ஜப்பானிய மொழியில் பல்குத்தும் குச்சி ‘யோஜி’, அதாவது வில்லோக்கிளை, என்றே வழங்குகிறது. பெயரைத் திருத்த முயன்ற அவரே, சமவெளியில் கிடைக்கும் மல்பெரி, பீச், வில்லோ முதலிய எம்மரத்தையும் பயன்படுத்தலாம் என இசைகிறார். மரம் எதுவாயினும் வாய்த்தூய்மை தவறலாகாது என்பதே அவர் கொண்ட முதன்மை.

ஆசாரக்கோவையோடு ஒப்பீடு

பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை இல்லறத்தார்க்கு உரியது. பல்குச்சியைக் ‘கோல்’ எனக் குறிக்கும் இந்நூல், அதனை வைகறைக் கடனாகத் தெய்வ வழிபாட்டிற்கு முன் வைக்கிறது. உண்டபின் எச்சிலறக் கொப்பளித்துத் துடைத்து வாய்பூசுதலை மட்டுமே விதிக்கிறது. இரவுணவும் உண்ணும் இல்லறத்தார்க்கு நீர் போதுமானதாயிற்று. நண்பகலோடு உணவை நிறுத்தும் துறவிக்குக் குச்சியும் வேண்டியதாயிற்று. வேறுபாட்டிற்கு அடிப்படை உணவு ஒழுங்கே எனக் கருதலாம்.

முடிவுரை

வெளியிடத்தில் பல் தூய்மை செய்தல் தற்காலப் பணிச்சூழல் தோற்றுவித்த தேவையன்று. உலர்குச்சியைச் சேமித்துச் சென்ற துறவியர் அதனை முன்பே ஓர் ஒழுக்கமாக அமைத்துக்கொண்டனர். உணவு, பயணம், உயிரோம்பல் ஆகிய மூன்றும் முரண்படும் இடத்தில் விதிகள் எவ்வாறு நெகிழ்ந்தன என்பதற்குப் பல்குச்சி ஒரு சிறந்த சான்றாகிறது.